பகலில் ஏரி, இரவில் வயல்

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் காட்டு வாத்து சுடுவதற்குச் சட்டம் நேரம் குறித்திருக்கிறது. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கலாம். சூரியன் மறைந்ததும் துப்பாக்கியை உறையில் போட்டுவிட வேண்டும். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி இறுதிக்குள், இடைவெளி விட்டு விட்டு மொத்தம் 60 நாள். இந்தக் கணக்கெல்லாம் மனிதர்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் மனிதர்களைவிடக் கறாராக அதைக் கடைப்பிடிப்பவை வாத்துகள்தான். மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் குளிர்காலம் கழிக்கும் மல்லார்ட் வாத்துகளின் முதுகில் சின்னஞ்சிறு ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன. வேட்டைப் பருவத்தில் பகல் முழுதும் அவை சுடத் தடையுள்ள நீர்நிலைகளில் முடங்கிக் கிடக்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு கூட்டங்கூட்டமாக வயல்களுக்குக் கிளம்புகின்றன. கிழக்கு வெளுப்பதற்குள் திரும்பிவிடுகின்றன. பருவம் முடிந்து வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு மெல்ல மெல்லப் பகலிலும் வயலில் இறங்கத் துணிகின்றன.

காட்டு வாத்து எங்கே உறங்குகிறது, எப்போது சாப்பிடுகிறது, எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதையெல்லாம் இன்று பெருமளவு தீர்மானிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் துப்பாக்கி ஏந்தியவர். மற்றவர் ஏர் பிடித்தவர். வாத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் அரசுகளோ பெரும்பாலும் முதலாமவரை மட்டுமே பார்க்கின்றன. சுடாதே என்று பலகை நட்டு, நீர்நிலைக்கு எல்லை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. தமிழ்நாட்டிலும் இதே நினைப்புதான். அது பாதி வேலை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரவில் மேய்வது வாத்துக்குப் புதிய பழக்கம் அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாப் பழியையும் துப்பாக்கி மேல் போட்டுவிட முடியாது. பிரான்சின் தென்கோடியில், ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் சதுப்புநிலத்தில், அலன் தமிசியே என்ற ஆய்வாளர் கிளுவைகளையும் பிற வாத்துகளையும் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தார். பகலில் அவை திறந்த நீர்ப்பரப்பில் கூடி ஓய்வெடுக்கும், சிறகு கோதும், இணை தேடும். இருட்டியதும் சிதறிப் பறந்து ஆழமில்லாத சதுப்புகளிலும் வயல்களிலும் மேயும். பகலில் வட்டமிடும் இரைகொல்லிப் பறவைகளுக்குத் தப்பக் கூட்டமாக ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பு. ஆக, இரவு மேய்ச்சல் வாத்தின் இரத்தத்திலேயே ஓரளவு உண்டு. துப்பாக்கி அந்த விருப்பத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பசித்தாலும், பனி கொட்டினாலும், கண்ணெதிரே வயல் நிறைய நெல் கிடந்தாலும் பகலில் போக வழியில்லை.

இதைச் சோதனை மூலமே மெய்ப்பித்தவர்கள் டென்மார்க்காரர்கள். 1980-களின் பிற்பாதியில் யெஸ்பர் மாட்சன் என்ற உயிரியலாளர் இரண்டு கடலோர நீர்நிலைகளில் வேட்டை இல்லாத பகுதிகளை ஏற்படுத்திப் பார்த்தார். அதே தண்ணீர், அதே புல், அதே குளிர். மாறியது ஒன்றுதான்: அந்தப் பகுதிக்குள் சுடுவது நின்றது. சில ஆண்டுகளில் அங்கே தங்கும் வாத்துகள் பன்மடங்காகப் பெருகின. இலையுதிர்காலத்தில் முன்போல அவசரமாகத் தெற்கே கிளம்பாமல் நீண்ட நாள் தங்கின. உணவு முன்பும் அங்கேதான் இருந்தது. பறவையால் அதன் அருகே போக முடியாமல் இருந்தது, அவ்வளவே. வேட்டையின் விலையைச் சுட்டு வீழ்த்திய உடல்களை வைத்து மட்டும் கணக்கிடுகிறவர்கள் இந்தச் சோதனையைப் படிக்க வேண்டும். சுடப்படாத வாத்தும் விலை கொடுக்கிறது. அஞ்சி எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் கொழுப்பு கரைகிறது. மேயும் நேரம் குறைகிறது. மெலிந்த உடலோடு வசந்தத்தில் வடக்கே போகும் பெட்டை முட்டையிடும் வலுவையும் இழக்கிறது.

சரி, இருட்டியதும் வாத்து வயலுக்குப் போகிறது. அங்கே என்ன இருக்கிறது? இங்கேதான் உழவர் வருகிறார்.

அமெரிக்காவில் விளையும் அரிசியில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விளைகிறது. அந்த நெல் வட்டாரத்தின் நடுவே ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர். நெல்லுக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகரம் என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ஊர் அது. வாத்துபோலக் குரல் கொடுக்கும் போட்டியை 1936 முதல் நடத்திவருகிறது. நெல் அங்கே வந்ததே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் குளிர்காலத்தில் ஆற்றுவெள்ளம் புகும் ஓக் காடுகளில், மரங்களுக்கு நடுவே நீந்தியபடி கொட்டைகளைத் தின்று வாழ்ந்தவை இந்த மல்லார்ட்கள். காட்டின் பெரும்பகுதியை வெட்டி வயலாக்கினார்கள். வாத்து பட்டினி கிடந்து சாகவில்லை, உணவை மாற்றிக்கொண்டது. அறுவடையில் சிந்திய நெல் அதன் குளிர்காலச் சோறாயிற்று.

அந்தச் சோறும் இப்போது சுருங்கிவருகிறது. மிசிசிப்பிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லை ஆய்வாளர்கள் அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். அறுவடை முடிந்த கையோடு ஒரு ஹெக்டேரில் சராசரியாக 271 கிலோ. வாத்துகள் வந்து சேரும் இலையுதிர்காலக் கடைசியில் வெறும் 78 கிலோ. நூற்றுக்கு 71 பங்கு காணாமல் போயிருந்தது. வாத்து தின்றதல்ல, வாத்துதான் இன்னும் வந்து சேரவே இல்லையே. முளைத்துப் போனது, மக்கிப் போனது, எலியும் மற்றப் பறவைகளும் தின்றது. காரணம் எளிது. குறுகிய காலத்தில் விளையும் ரகங்கள் வந்தபின் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பருக்கு முன்னேறிவிட்டது. வாத்தோ இன்னும் நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. விதை ஆராய்ச்சி நிலையத்தில் வயதைக் குறைத்துப் புது ரகம் வெளியிட்டவர் வாத்தை மனதில் வைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவர் செய்த வேலை ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் பறவையின் இரையில் மண்ணைப் போட்டது. அறுத்த கையோடு தாளை உழுது புரட்டினால் மிச்சமும் மண்ணுக்குள் போய்விடும். தாளை மடக்காமல் விட்டு, மழைநீரைத் தேக்கி வைத்தாலோ நெல்லும் மிஞ்சும், வாத்தும் இறங்கும். அந்த ஒரு முடிவு அந்த நிலத்துக்காரர் கையில் இருக்கிறது.

வேட்டையும் வேளாண்மையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடம் இன்னும் சுவையானது. இரை தூவி வாத்தைக் கவர்ந்து சுடுவதை அமெரிக்கா 1935-லேயே தடை செய்தது. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை அழைப்பதையும் அதே ஆண்டு தடுத்தது. புழுதிப்புயல்களும் வறட்சியும் வாத்துகளை வதைத்த காலம் அது. இன்று ஒரு வேட்டைக்காரர் வயலில் ஒரு வாளி சோளத்தைக் கொட்டிவிட்டுச் சுட்டால் குற்றம். அதே வயலில் மக்காச்சோளத்தை விதைத்து, அறுக்காமல் நிற்கவிட்டு, குளிர்காலத்தில் தண்ணீரைக் கட்டி, கதிரைத் தின்ன இறங்கும் வாத்தைச் சுட்டால் குற்றமில்லை. அது சட்டத்தின் கண்ணில் விவசாயம். பணக்கார வேட்டைச் சங்கங்கள் இப்படி ஏக்கர் ஏக்கராகச் சோளம் நிற்கவிடுகின்றன. வடக்கே இருப்பவர்கள் இப்படி வாத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தங்கள் பக்கம் வருவது குறைகிறது என்பது தெற்கே உள்ள வேட்டைக்காரர்களின் நெடுநாள் புகார். குளிர்காலம் முன்போலக் கடுமையாக இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பதை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. எது எப்படியோ, கொட்டிய சோளத்துக்கும் நிற்கும் சோளத்துக்கும் உள்ள வேறுபாடு வக்கீலுக்குத்தான் தெரியும், வாத்துக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் நடந்தது வேறு. வாத்தைப் பற்றி யாரும் யோசிக்காமல் போட்ட ஒரு சட்டம் வாத்துகளுக்குப் பெரும் வரமாக முடிந்தது. சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் சுமார் 5 லட்சம் ஏக்கரில் நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்துவது அங்கே வழக்கம். டெல்லியை ஆண்டுதோறும் மூச்சுமுட்ட வைக்கும் அதே பிரச்சினைதான். நகரவாசிகள் புகையில் இருமினார்கள். 1991-ல் மாநிலச் சட்டமன்றம் தாள் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றியது. எரிக்க முடியாத வைக்கோலை என்ன செய்வது? குளிர்காலத்தில் வயலில் தண்ணீரைக் கட்டி மக்க வைத்தார்கள் உழவர்கள். லட்சக்கணக்கான ஏக்கர் வயல் குளிர்காலச் சதுப்பாக மாறியது. கலிஃபோர்னியாவின் பழைய ஈரநிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதற்குள் அழிந்திருந்தன. அந்த வெற்றிடத்தை நெல்வயல் ஓரளவு நிரப்பியது. பகலில் காப்பகத்தில் தங்கி இரவில் மேயப் போகும் ஊசிவால் வாத்துகள் அதன் பிறகு முன்போல நெடுந்தொலைவு பறக்கத் தேவையிருக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின.  வயலில் தண்ணீர் நின்றது. பறவையின் வாழ்க்கை மாறியது.

ஆனால் வயலை நம்பி வாழ்வது வயலின் தலையெழுத்தோடு தன் தலையெழுத்தையும் கட்டிக்கொள்வதாகும். 2022-ல் கடும் வறட்சி வந்தபோது அந்தப் பள்ளத்தாக்கில் நெல் பரப்பு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பயிரே இல்லாத வயலில் சிந்திய நெல் எங்கிருந்து வரும்?

அந்த ஊசிவால் வாத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஆண் பறவைக்குக் கூரிய வால், சாக்லேட் நிறத் தலை, வெண்கழுத்து. சைபீரியாவிலிருந்து தமிழக ஏரிகளுக்கு வருவதும் இதே இனம்தான். வட அமெரிக்காவில் இது பெருமளவு முட்டையிடுவது கனடாவின் சஸ்காட்சவன், ஆல்பர்ட்டா புல்வெளிகளிலும் அமெரிக்காவின் டகோட்டாக்களிலும். மற்ற வாத்துகள் அடர்ந்த புதரைத் தேடும்போது, இது உயரம் குறைந்த புல்லுள்ள வெட்டவெளியைத் தேர்ந்தெடுக்கும். புல்வெளி கோதுமை வயலாக மாறியபோது, சென்ற ஆண்டின் கோதுமைத் தாள் நிற்கும் வயல் அதன் கண்ணுக்கு நல்ல கூடுகட்டும் இடமாகத் தோன்றியது. வசந்தத் தொடக்கத்திலேயே வந்து முட்டையிடும் பறவை இது. அதே வசந்தத்தில்தான் டிராக்டரும் வயலில் இறங்குகிறது. முட்டையின்மேல் கலப்பை ஏறிவிடுகிறது. முன்பு ஓர் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போடும் வழக்கம் பரவலாக இருந்தது; அது குறையக் குறைய, உழப்படும் தாள் வயல்கள் கூடக் கூட, ஊசிவாலின் எண்ணிக்கை இறங்கியது. மல்லார்ட் ஈரமான ஆண்டுகளில் மீண்டெழுந்தது. ஊசிவால் அப்படி மீளவில்லை. இலையுதிர்காலத்திலேயே விதைக்கும் குளிர்காலக் கோதுமையைப் பரப்பினால் வசந்தத்தில் உழ வேண்டியிருக்காது என்பது கண்டறியப்பட்ட தீர்வு. அதைச் செய்ய வேட்டைத் துறையால் முடியாது. விதைக் கம்பெனியாலும் பயிர்க் காப்பீட்டாலும்தான் முடியும்.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு நியாயம் சொல்லாமல் விடக் கூடாது. 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு தபால்தலை போன்ற முத்திரை வாங்க வேண்டும். அன்று 1 டாலர், இன்று 25 டாலர். அந்தப் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காக்கப்பட்டிருக்கிறது. தாங்கள் சுடும் பறவைக்காகத் தாங்களே நிலம் வாங்கும் இந்த ஏற்பாடு நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். பறவையை நேசிப்பதாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் ஆண்டுக்கு 100 ரூபாய் ஈரநிலத்துக்காகக் கொடுத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் விசித்திரம் கொஞ்சம் தணியும்.

இந்தியாவின் வாத்து வேட்டைக் கதைக்கு வேறு முகம். 1938 நவம்பர் 12 அன்று இன்றைய ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் மன்னரின் விருந்தினராக வந்த வைஸ்ராய் லின்லித்கோவும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுக் குவித்தார்கள். அந்தக் கணக்கு இன்றும் அங்குள்ள கேவலாதேவ் பூங்காவில் கல்லில் பொறித்து நிற்கிறது. அவர்கள் சுட்ட ஏரியே வாத்துகளை வரவழைக்க மதகும் கரையும் கட்டி மனிதர் உண்டாக்கியது என்பது பலருக்குத் தெரியாது. வேட்டை நின்றது, பூங்கா வந்தது. 1982-ல் அதற்குள் எருமைகள் மேயத் தடை போட்டார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், காவல் துறை சுட்டதில் உயிர்கள் போயின. அதன் பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பல ஆண்டு ஆய்வு ஓர் உண்மையைக் கண்டது: எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் இப்போது ஏரியை மூடத் தொடங்கியிருந்தது, வாத்து நீந்தத் திறந்த தண்ணீர் குறைந்திருந்தது. எருமையைப் பறவையின் பகை என்று நினைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார்கள். துப்பாக்கி போனால் எல்லாம் சரியாகிவிடும், மனிதரும் மாடும் விலகினால் இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்றொரு ஊர். வலையும் விஷமும் துப்பாக்கியுமாக வாத்து பிடித்து விற்றே பல குடும்பங்கள் பிழைத்தன. பறவைகள் சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த நிலையில், பிடித்தவர்களே 2000-ல் மகாவீர் பட்சி சுரட்சா சமிதி என்ற அமைப்பாகச் சேர்ந்து காவலுக்குத் திரும்பினார்கள். இன்று குளிர்காலத்தில் அங்கே லட்சத்துக்கு மேல் பறவைகள். எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பறவையின் நடத்தை. துடுப்புப் படகு சில மீட்டர் தூரத்தில் வந்தாலும் வாத்துகள் எழுந்து பறப்பதில்லை. கேட்டுப் பழகிய வெடிச்சத்தத்தை மறக்க அவற்றுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்றால், தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல என்பதால்தான். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798-ல் தடை உத்தரவு வாங்கினார்கள். அவர்களைத் தூண்டியது பறவைப் பாசம் மட்டும் அல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைந்தது. ஏரியையும் வயலையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் அவர்கள். ஏரியின் பரப்போ வெறும் 30 ஹெக்டேர். 1998 அரசாணை அதைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சரணாலயமாக அறிவித்தது. 2020-ல் அந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சுருக்கலாம் என்றவர்களின் வாதம், வெளிவட்டத்தில் இருப்பது ஊரும் வயலும்தானே என்பது. ஆம், வயல்தான். பறவையின் சோற்றுத் தட்டு அதுதான். அதை வெட்டிவிட்டு ஏரியை மட்டும் வைத்துக்கொள்வது, உண்ண விடாமல் உறங்க மட்டும் இடம் கொடுப்பதாகும்.

வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவாலும் நம் ஊர் சீழ்க்கைச்சிரவியும் பகலில் பெரிய ஏரிகளில் கூடி, இருட்டியதும் நெல்வயல்களுக்குச் சிதறிப்போவது ஏரிக்கரைக் கிராமங்களில் எல்லோரும் அறிந்தது. அந்தி மங்கியபின் தலைக்கு மேல் சீழ்க்கைச் சத்தத்தோடு கூட்டம் கடப்பதைக் கேட்காத உழவர் குறைவு. நீலச்சிறகி ஒன்றும் துப்பாக்கி அறியாத அப்பாவிப் பறவையும் அல்ல. அது கடந்து வரும் நாடுகள் பலவற்றில் வாத்து வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கிறது, ரஷ்யாவில் வசந்தத்தில்கூட. அச்சத்தோடுதான் நம்மிடம் வந்து சேருகிறது. இங்கே 1972 வனவுயிர்ச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டை உரிமத்தின் கதவை மூடிவிட்டன. சட்டம் ஏரியில் ஓரளவு செல்லுபடியாகிறது. வயலில், இருட்டில், யார் பார்ப்பது? வரப்புக்குக் குறுக்கே கட்டிய வலையும், விஷம் கலந்து தூவிய நெல்லும் வேலை செய்வது அங்கேதான்.

வேட்டை நோக்கமே இல்லாத விஷமும் உண்டு. கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்தை வயலில் வீசுகிறோம். மணி பொறுக்கும் பறவை அதையும் இரை என்று விழுங்குகிறது. ஒரே ஒரு குருணை ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும். அமெரிக்கா பறவைச் சாவுகளைக் காரணம் காட்டியே இந்தக் குருணையை 1990-களின் தொடக்கத்தில் விலக்கத் தொடங்கியது. தோட்டாவுக்குப் பயந்து இரவை நாடிய பறவைக்கு, இரவு வயலில் மருந்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுக்க வழி இல்லை. சுடும் ஓசை எச்சரிக்கிறது, குருணை எச்சரிப்பதில்லை.

கலிஃபோர்னியா செய்ததை அப்படியே இங்கே செய்யலாம் என்று சொல்பவர்கள் காவிரிப் படுகையைப் பார்த்ததில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. சம்பா, தாளடி அறுவடை முடியும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் வயலில் கட்ட முடியாது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்தாகிவிட்டது, தண்ணீர் நின்றால் அது அழுகும். வைக்கோலோ நமக்குக் குப்பை அல்ல, மாட்டுத் தீவனம், காசு. உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏறிப் போகிறது. பெல்ட் வண்டி அறுத்துச் சிந்திய நெல்லுக்கும் காட்டு வாத்து மட்டும் உரிமையாளர் அல்ல. ஆயிரக்கணக்கில் வளர்ப்பு வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போடும் வாத்து மேய்ப்பவர்கள் பகலிலேயே அதை மேய்த்துவிடுகிறார்கள். அவர்களுடைய பிழைப்பும் பிழைப்புதானே. ஆகவே உழவர் வயலை வாத்துக்காகத் தியாகம் செய்ய வேண்டும் என்று பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுவது பொறுப்பற்ற பேச்சு.

கலிஃபோர்னியாவிடம் எடுத்துக்கொள்ளத் தக்கது தண்ணீர் கட்டும் முறை அல்ல, கணக்குப் பார்க்கும் முறை. அங்கே 2014 முதல் தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, வலசைப் பறவைகள் வரும் சில வாரங்களுக்கு மட்டும் வயலில் தண்ணீர் வைக்க உழவர்களிடம் ஏலம் கேட்டுப் பணம் கொடுக்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம். நிலம் உழவருடையதே, பறவைக்கு அவர் வாடகைக்கு விடுகிறார், அவ்வளவுதான். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரால் நிரம்பும் ஏரி அது, சுற்றிலும் பயிர். ராம்சர் பலகை வைத்த அரசு, ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் குருணை மருந்தைத் தவிர்க்கும் உழவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவித்தால் கருவூலம் காலியாகிவிடாது. பயிருக்கு வாத்து சேதம் செய்தது மெய்யானால் அதற்கும் இழப்பீடு வேண்டும். யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் கொடுக்கும்போது வாத்துக்கு ஏன் கூடாது? இழப்பீடு இல்லாத இடத்தில்தான் வலை முளைக்கிறது.

மீன் குத்தகை இன்னொரு விஷயம். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். மீன் தின்னும் நீர்க்காகத்தை விரட்ட வெடி போடுகிறார். நீர்க்காகத்துக்குப் போட்ட வெடியில் மீனைத் தொடாத வாத்தும் கிளம்புகிறது. வலசை மாதங்களில் வெடி கூடாது என்ற ஒரே ஒரு வரியைக் குத்தகை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி ஏரியைச் சுற்றியுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு அவர்களைத் தடுக்கவில்லை. குழந்தைகளின் ஒரு நாள் மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்க ஓர் ஊரால் முடிகிறபோது, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத ஓர் அரசுத் துறையால் முடியாதா?

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆண்டுதோறும் வனத் துறையும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நல்ல பணி. ஆனால் அது பகலில், ஏரிக்கரையில் நின்று எண்ணுவது. வாத்து ஓய்வெடுக்கும் இடத்தை மட்டுமே அது காட்டும். உண்ணும் இடத்தைக் காட்டாது. கரைவெட்டி, வேடந்தாங்கல், விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி ஆகிய மூன்று இடங்களில் மட்டுமாவது, அந்தியில் கிளம்பும் வாத்துகள் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு, எந்தப் பயிர் நிற்கும் வயலுக்குப் போகின்றன என்று பதிவு செய்ய வேண்டும். கிராமத்து உழவர்களுக்குப் பாதி விடை இப்போதே தெரியும். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சிலவற்றுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டினால் மீதியும் தெரிந்துவிடும். அந்த வரைபடம் கையில் இல்லாமல் 5 கிலோமீட்டர் வேண்டுமா 3 போதுமா என்று வாதிடுவது இரு தரப்புக்கும் வெறும் ஊகம். அடுத்த கணக்கெடுப்பிலேயே வனத் துறை வேளாண் துறையையும் உடன் அழைத்துக்கொண்டு, பகலோடு அந்தியையும், ஏரியோடு வயலையும் சேர்த்து எண்ணத் தொடங்க வேண்டும்.